கோகிலவாணிக்கு நான் அடிச்ச போஸ்டர்

உக்காருங்ணா, உக்காருங். அந்தச் சேரு வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங். பொண்ணோட காதுகுத்துக்குத்தானுங்ளே பிளெக்ஸு, பத்துக்கு எட்டு? முன்னால ரெண்டு கல்யாணம் ஓடிட்டிருக்குது. அது முடிஞ்சதும் உங்களுதுதான். டீ சொல்லியிருக்கறன், வந்துரும்.

செவுத்துல என்னத்தப் பாக்கறீங்? ஓ, அதுங்ளா! வர்றவிய எல்லாம் அதத்தான் பாக்கறாங்க. கருப்பு வெள்ளைல ஒரு புள்ள படம், சுத்தி வெள்ளைப் பூ, கீழ குத்துவிளக்கு. "யாருங் தவறுனது?"ன்னு கேப்பாங்க. யாருமே தவறலீங்! அது கோகி. பாட்டுப் பாடுமே, கிடாரைத் தூக்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டு, தொண்டை கிழிய, கேக்கறவன் நெஞ்சு கிழிய! போன மாசம் லண்டன்ல பாடுச்சுங். லண்டன்ல! எல்லாம் நான் அடிச்ச போஸ்டராலதான். சிரிக்காதீங்ணா. கேட்டுட்டுச் சிரிங்.

அந்தப் புள்ளைக்கு முழுப் பேரு கோகிலவாணி. நம்ம உடுமலைதான். அவிங்கப்பா நாச்சிமுத்தண்ணன், எனக்கு அண்ணன் முறை, பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. நீங்க கேட்டிருப்பீங், "பழனி, மடத்துக்குளம் மார்க்கம், பழனி வண்டிய எடு, நேரமாச்சு"ன்னு ஒரு குரல் வருமே, அந்தக் குரலு. முப்பது வருசமா அதே மைக்கு, அதே குரல். மணியடிச்சாப்புல இருக்கும்னு சொல்லமாட்டனுங். தகரத்துல ஆணி வெச்சு இழுத்தாப்புல இருக்கும். ஆனா தூங்கறவன்கூட எந்திரிச்சு வண்டி ஏறிருவான்.

அதே தொண்டை அப்பிடியே புள்ளைக்கு வந்துருச்சு. பேரு வெச்சது குயிலுன்னு. பள்ளிக்கூடத்துல கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்துனாங்க, மூணாம் நாளே வரிசைய உட்டு இறக்கீட்டாங்க. அம்மா இல்லாத புள்ளைங். அது ஏழாவது படிக்கையிலயே அந்தம்மா போய்ச் சேந்துருச்சு. நாச்சிமுத்தண்ணன்தான் தலை சீவி, சோறு கட்டிக் குடுத்து, பள்ளிக்கூடத்துல உட்டுட்டு டூட்டிக்குப் போவாரு. உசுருங், உசுரு!

கோயமுத்தூர்ல இஞ்சினீரிங் சேத்தாரு. அங்க ஆஸ்டல்ல கூட இருந்த புள்ளகிட்டக் கிடாரு கத்துக்கிச்சு. மெட்ராஸ்ல கம்பெனி வேலை கிடைச்சுது. ஊரெல்லாம் லட்டுக் குடுத்தாரு அண்ணன். எனக்கு ரெண்டு. ரெண்டே வருசம். வேலைய உட்டுட்டுது. "அப்பா, நான் எழுதற பாட்ட நானே பாடப் போறேன்"னு வந்து நிக்குது.

அண்ணன் கேட்டாரு: "சினிமாலயா?"

"இல்லீங்ப்பா."

"கோயில் கச்சேரிலயா?"

"இல்லீங்ப்பா. தனியா. ராக்குப்பா."

"ராக்குன்னா?"

புள்ள பாடிக் காட்டுச்சு. நான் அப்ப அங்கதான் இருந்தனுங், கரண்டு பில்லு கொடுக்கப் போனவன். தாவாரமே அதிந்துச்சு. அண்ணன் முழுசாக்கூடக் கேக்கல. பாதியிலயே, "இந்தத் தொண்டைய வெச்சுட்டு வண்டிதான் கூப்புடலாம், பாட்டுப் பாட முடியாது. நான் பட்ட அவமானம் போதும், போ உள்ள"ன்னுட்டாரு. புள்ள உள்ள போகலீங். வெளிய போயிருச்சு. அடுத்த நாள் காத்தால அதே பஸ் ஸ்டாண்டுல கோயமுத்தூர் வண்டி ஏறுச்சு. அண்ணன்தான் டூட்டி. வண்டி பேரச் சொல்லி எடுக்கச் சொன்னாரு. புள்ளைய ஒரு வார்த்தை கூப்புடல.

அன்னைக்கு மத்தியானம், "அவளத் தலை முழுகிட்டேன்"னாரு. சும்மா வாய் வார்த்தைக்கில்லீங். பி.ஏ.பி. வாய்க்காலுக்குப் போய் நெசமாவே மூணு முழுக்குப் போட்டுட்டு ஈரத்துண்டோட வந்தாரு! அவ்வளவு ரோசமுங் நம்ம பக்கத்து ஆளுகளுக்கு. ஆறு வருசம். போன் நம்பர்கூட வெச்சுக்கல.

அந்த ஆறு வருசம் புள்ள பட்ட பாடு இருக்குதே! காப்பிக் கடைல பாடுமாம். சனம் பாட்டுக்கு வறுவல் தின்னுட்டு நாயம் பேசிட்டு இருக்குமாம். தமிழ்ல ராக்கா, இது ஓடாதுன்னு ஒருத்தன், குரல் கரடு முரடா இருக்குன்னு இன்னொருத்தன். எனக்கு எப்பவாச்சும் வாட்ஸாப்புல பாட்டு அனுப்பும். நான் கட்டைவிரல் அனுப்புவேன். கேக்க நேரம் ஏதுங்?

அப்பத்தான் ஒரு நாள் போன் பண்ணுச்சு. "சித்தப்பா, நம்மூர்ல ஒரு கச்சேரி வெக்கறேன். ஞாயித்துக்கிழமை, மண்டபம் புடிச்சாச்சு. சொந்த ஊர்லயும் ஆள் வரலைன்னா இதோட கிடார வித்துட்டு வேலைக்குப் போயிருவேன்"னுது. சிரிச்சுட்டேதான் சொல்லுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங். "அம்மிணி, நீ கவலையே படாத, போஸ்டர் என்ர பொறுப்பு. ஊரே திரும்பிப் பாக்கறாப்புல போடறேன்"னேன். போட்டனா இல்லியா? நீங்களே பின்னால சொல்லுங்.

படம் அனுப்புச்சு. கூடவே கண்டிசன். "சித்தப்பா, கலர் வேண்டாம். கருப்பு வெள்ளை. பட்டம், ரோசாப்பூ, சிங்கம், புலி ஒண்ணும் வேண்டாம். முகம், பேரு, தேதி, நேரம், இடம். அவ்வளவுதான்."

"பாட்டுக் கச்சேரின்னு போட வேண்டாமா கண்ணு?"

"கிடார் இருக்குதில்லீங் படத்துல, பாத்தாத் தெரியும்."

சரின்னுட்டேன். ஆனா ஆவணி மாசமுங். மூச்சு உட நேரமில்லாம முகூர்த்தம். ஒரு வாரம் முன்னாடி ஒட்ட வேண்டியத, சனிக்கிழமை ராத்திரிதான் கையில எடுத்தேன். புதுசா டிசைன் போட நேரமில்ல. எங்கிட்டக் கருப்பு வெள்ளைல இருக்கறது ஒரே டிசைன்தான். அது எதுக்குன்னு உங்களுக்கே தெரியுமே, செவுத்துக்குச் செவுரு பாக்கறோமே, அதேதான். ஆனா நான் என்ன சும்மா அப்பிடியே போட்டுட்டனா? தொழில் தெரிஞ்சவனுங். "கண்ணீர் அஞ்சலி"யத் தூக்கிட்டேன். "மறைவு"ங்கறதத் தூக்கிட்டேன். "தோற்றம்"ங்கறத மட்டும் உட்டேன், நல்ல வார்த்தைதானுங்ளே? அதுக்குக் கீழ புள்ள பொறந்த தேதி, 12.4.1993. "மறைவு" இருந்த எடத்துல வெறுமனே கச்சேரித் தேதி, 17.9.2023, மாலை 6 மணி, மண்டபத்துப் பேரு. கிடாருங்ளா? படம் அந்த நீள்வட்டத்துக்குள்ள அடங்கலீங், கிடார வெட்டிட்டேன். ரொம்பத்தான் வெறிச்சுன்னு இருக்குதேன்னு, நம்ம ஊட்டுப் புள்ளைங்கற பாசத்துல, பூவையும் வெளக்கையும் எடுக்காம அப்பிடியே உட்டேன்.

விடியறதுக்குள்ள ஒட்ட ஆள் அனுப்பிட்டு, போன அணைச்சுட்டுத் தூங்கிட்டனுங். நிம்மதியான தூக்கம்!

மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். பஸ் ஸ்டாண்டுல நாச்சிமுத்தண்ணன் டூட்டி. டைம் ஆபீஸ் ரூமுக்கு நேரெதிர் செவுத்துல என்ர போஸ்டரு. ஆனா அதுக்கு முன்னால பழனி வண்டி நின்னுட்டிருக்குது, மறைச்சுக்கிட்டு. அண்ணன் வழக்கம்போல, "பழனி, மடத்துக்குளம் மார்க்கம், பழனி வண்டிய எடு, நேரமாச்சு"ன்னாரு. வண்டி நகந்துச்சு. செவுரு தெரிஞ்சுது. செவுத்துல பொண்ணு.

"ஐயோ! என்ர சாமி!"

மைக்க அணைக்கலீங். எட்டுத் திக்கும் எட்டுக் குழாய். பஸ் ஸ்டாண்டு பூராவும் கேக்குது. "நான் தலை முழுகுனேன்னு நெசமாவே போயிட்டியா கண்ணு? உன்ன ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா நின்னிருப்பியே! வறட்டு கௌரவம் புடிச்ச நாயி நானு, வாயத் தொறக்காம நின்னுட்டனே!" அந்தத் தகரக் குரல்ல மனுசன் அழுதா எப்பிடி இருக்கும்? கடலைக்காரம்மா கூடையப் போட்டுட்டு அழுதுச்சாம். கெளம்பிப் போன பழனி வண்டிய டிரைவர் ரிவர்ஸ்ல கொண்டாந்துட்டாராம். "அண்ணா, ஏறுங்"ன்னு ஏத்திக்கிட்டு, பழனிக்கு டிக்கெட் எடுத்த அத்தன சனத்தோடவும் போஸ்டர்ல இருந்த மண்டபத்துக்கே வண்டிய உட்டாரு, ஆறு மணிக்கு எடுத்துருவாங்கன்னு. ஒரு ஆள் இறங்கலீங். மொட்டையடிக்கப் போன குடும்பம்கூட, "சாமி காத்திருக்கும்"னு கூடவே வந்துருச்சு. வழியில பூக்கடையில நிறுத்தி மாலை வேற.

இங்க என்ர ஊட்டுக்காரி என்னைய உலுக்கி எழுப்பறா. "ஏனுங், ஊரே கேதத்துக்குப் போகுது, நீங்க தூங்கறீங்!"

"யாருடி?"

"நம்ம கோகிலவாணியாமா!"

 அழுதுட்டே சட்டைய மாட்டிக்கிட்டு, பெரிய மாலையா ஒண்ணு வாங்கிட்டு ஓடுனேன். "அடப் பாவமே, இன்னைக்குச் சாயந்தரம் கச்சேரி வெச்சிருந்துச்சே, நான்தானே போஸ்டர் அடிச்சேன்"னு நெனைச்சு நெனைச்சு அழுகை. மண்டபத்து வாசல்ல போஸ்டர் ஒட்டியிருந்துச்சு. கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தேன். நல்ல டிசைனா இருக்குதே, அதுக்குள்ள எவன் அடிச்சான்னு பாத்தா, அடியில "திருமூர்த்தி டிஜிட்டல்ஸ்", நம்ம கடை பேரு!

அப்பத்தானுங் எனக்கு ஒறைச்சுது.

சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். முந்நூறு பேரு. எல்லார் கையிலயும் மாலை. சொன்னா மாலைய என்ர கழுத்துல போட்டுத் தூக்கிருவாங்க. நீங்களா இருந்தாச் சொல்லுவீங்ளா? வாய மூடிக்கிட்டேன்.

அந்த நேரத்துல உள்ள இருந்து பாட்டு வந்துச்சு. புள்ள சாயந்தரக் கச்சேரிக்கு மைக்கு டெஸ்டு பண்ணிட்டிருக்குது, வெளிய நடக்கறது ஒண்ணும் தெரியாது. வெளிய இருக்கறவிய நெனைச்சாங்க, செத்துப்போன புள்ளையோட பாட்டப் போட்டுட்டு இருக்காங்கன்னு! நாச்சிமுத்தண்ணன் படியேற முடியாம அப்பிடியே செருப்பு உடற எடத்துல உக்காந்துட்டாரு. தூக்கப் போனவங்களக் கையக் காட்டி நிறுத்திட்டாரு. "இருங். என்ர புள்ள பாடுது. முழுசாக் கேட்டுக்கறேன்."

பாட்டு இப்பிடித்தானுங் வரும்:

"எல்லா வண்டியையும் பேர் சொல்லிக் கூப்புட்ட,
என் பேரை மட்டும் ஏன் முழுங்குன?
நேரமாச்சுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன,
நில்லுன்னு எனக்கேன் சொல்லாம உட்ட?"

நல்ல பாட்டுதானுங். பஸ்ஸப் பத்தி. அந்தப் புள்ளைக்கு வண்டியெல்லாம் பேரோட தெரியும், அங்கயே வளந்ததில்லீங்ளா. ஆனா ஒரு பஸ் பாட்டுக்கு அண்ணன் ஏன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாருன்னுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. தொழில் மேல அவ்வளவு பக்தி போல.

 வண்டிகாரரு தோள் துண்ட எடுத்துக் கையில வெச்சிருக்காரு. சொல்றனுங், எனக்கே ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. ஆறு வருசம் கட்டைவிரல் அனுப்பிட்டிருந்தேன், அன்னைக்குத்தான் முதல்ல கேட்டேன். கரடு முரடான தொண்டைதான். ஆனா அந்தத் தொண்டைல வந்தாத்தான் அது பாட்டுங்.

பாட்டு உச்சத்துக்குப் போகுது, போகுது, டக்குன்னு நின்னுச்சு.

"அண்ணா, எனக்கு என் குரலே கேக்கல. இந்தப் பக்கம் சவுண்டு கொஞ்சம் ஏத்துங்ணா."

 செத்தவங்க சவுண்டு ஏத்தச் சொல்லுவாங்களா?

அண்ணன் எந்திரிச்சாரு பாருங். அறுவது வயசு ஆளு, நாலு படிய ஒரே தாவு! கதவத் தள்ளிட்டு உள்ள ஓடுனாரு. நாங்க எல்லாம் பின்னால. மேடைல புள்ள நிக்குது, சீன்ஸ் பேண்டு, கழுத்துல கிடாரு, முழு உசுரோட. எதிர்ல முந்நூறு பேரு மாலையோட. அதுக்கு நடுவுல ஆறு வருசமாப் பேசாத அப்பன். புள்ள மூஞ்சி வெளுத்துப் போச்சு. அண்ணன் வாயத் தொறக்கறாரு, சத்தம் வரல. மறுக்காத் தொறக்கறாரு. கடைசியா ஒரு கத்துக் கத்துனாரு:

"மைக்கத் தள்ளிப் புடி புள்ள! வாய்க்குள்ளயா வெப்பாங்க? ஒரு சாண் தள்ளு! முப்பது வருசமாப் பாக்கறேன், இதுகூடத் தெரியாமப் பொறந்திருக்குது!"

 புள்ள ஒரு சாண் தள்ளிப் புடிச்சுது. "சரிங்ப்பா"ன்னுச்சு. அவ்வளவுதானுங். ரெண்டு பேரும் அழுத அழுகையில கிடாரு நனைஞ்சு துருப்புடிச்சிருக்கும்.

மாலைய என்ன பண்றது? வாங்கியாச்சே! ஒவ்வொருத்தரா மேடைக்குப் போய்ப் புள்ள கழுத்துல போட்டாங்க. மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. மொட்டையடிக்கப் போன குடும்பம் போட்டுச்சு, வண்டிகாரரு போட்டாரு, கடலைக்காரம்மா திருஷ்டி கழிச்சுது. நானும் போட்டனுங். என்ர மாலைதான் இருக்கறதுலயே பெருசு. "எதுக்குங்க சித்தப்பா இவ்வளவு பேரு, இவ்வளவு மாலை?"ன்னு புள்ள கேக்குது. "போஸ்டர் வேலை செஞ்சிருக்குதம்மிணி"ன்னேன். பொய்யா சொன்னேன்?

அப்பறம் யாரும் ஊட்டுக்குப் போகல. சமாச்சாரம் கேட்டு இன்னும் சனம் வந்துச்சு. ஆறு மணிக்கு மண்டபத்துல நிக்க எடமில்ல. புள்ள அப்பாகிட்ட மைக்கக் குடுத்து, "நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஆரம்பிப்பேன்"னுது. அண்ணன் ஒரு சாண் தள்ளிப் புடிச்சாரு. தொண்டையச் செருமிக்கிட்டு, அதே பஸ் ஸ்டாண்டுக் குரல்ல:

"உடுமலை, பொள்ளாச்சி, கோயமுத்தூர், மெட்ராஸ் மார்க்கம். என்ர மக கோகிலவாணி. கோகிலவாணி. கோகிலவாணி. நேரமாச்சு, எடு கண்ணு!"

மண்டபமே இடிஞ்சு விழறாப்புல விசிலுங்! மூணு தடவ பேரச் சொன்னாரு. வண்டிக்குக்கூட ரெண்டு தடவதான் சொல்லுவாரு.

அத எவனோ போன்ல புடிச்சு ஏத்திட்டான். கழுத்து நெறைய எழவு மாலையோட ஒரு புள்ள ராக்குப் பாடுதுன்னு உலகமே பாத்துருச்சு. அதுக்கப்பறம் புடிச்சுது பாருங் ஓட்டம், பெங்களூர், பம்பாய், சிங்கப்பூர்! இப்ப எங்க பாடுனாலும் ரசிகருக சாவு மாலையாட்டப் பெருசு பெருசாக் கொண்டு போறாங்களாமா. லண்டன்ல ஒரு வெள்ளைக்காரன் மலர் வளையமே கொண்டாந்துட்டானாம். ஒவ்வொரு கச்சேரியும் அண்ணன் குரல்லதான் ஆரம்பிக்குது, ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்காங்க. பேட்டியில எல்லாம் புள்ள சொல்லுது: அப்பாவுக்கு நன்றி, டிரம்ஸ்காரருக்கு நன்றி, பழனி வண்டி டிரைவருக்கு நன்றி. டிரைவருக்குங்! போஸ்டர் அடிச்சவன் பேரு எங்கயாச்சும் வந்துச்சா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ?

இதக் கேளுங். போன வருசம் புதுசாப் பாட்டெல்லாம் சேத்து ஆல்பம் போட்டுது. அட்டையப் பாத்தா எனக்குப் பகீர்னுச்சு. என்ர டிசைனு! அதே பூ, அதே வெளக்கு, அதே நீள்வட்டம். அப்பிடியே எடுத்துட்டாங்க. காப்பியடிச்சதுதான் அடிச்சாங்க, அடியில இருந்த "திருமூர்த்தி டிஜிட்டல்ஸ், உடுமலை"யையும், என்ர போன் நம்பரையும் எடுக்க மறந்துட்டாங்க! நான் போட்டத உடப் பெரிய எழுத்துல வேற இருக்குது, எப்பிடி ஆச்சோ. அதுல இருந்து ஒரே தொல்லைங். மலேசியாவுல இருந்து போன், கனடாவுல இருந்து போன். "அண்ணா, எங்களுக்கும் அதே மாதிரி ஒரு போஸ்டர்." இந்தப் புது மிஷினு அதுல வந்த சோலியிலதான் வாங்குனேன். ஆனா நன்றின்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். பெரிய ஆளாயிட்டா அப்பிடித்தானுங்.

அதுலயும் ஒரு தப்புப் பண்ணியிருக்காங்க பாருங். செவுத்துல இருக்கறது அந்த அட்டைதான், கிட்டப் போய்ப் பாருங். எடது பக்கம் "தோற்றம் 12.4.1993". வலது பக்கம்? ஒண்ணுமே இல்ல! நான் போட்ட தேதியத் தூக்கிட்டு வெறுமனே உட்டிருக்காங்க. டிசைன்ல அப்பிடிக் காலி எடம் உடக் கூடாதுங்ணா, பாக்கறவன் ஏதோ விட்டுப்போச்சும்பான். மனசு கேக்காம நாச்சிமுத்தண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன், "அண்ணா, புள்ளகிட்டச் சொல்லி அந்த எடத்துல ஏதாச்சும் ஒரு தேதி போடச் சொல்லுங், நல்லா இல்ல"ன்னு. மனுசன் அந்த அட்டைய வாங்கி, அந்தக் காலி எடத்த விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. கண்ணுல தண்ணி.

"அது அப்பிடியே காலியா இருக்கட்டும்டா திரு. நான் இருக்கற வரைக்கும் மட்டுமில்ல, போனப்பறமும் ரொம்பக் காலத்துக்குக் காலியாவே இருக்கட்டும்"னாரு.

டிசைனு தெரியாத மனுசனுங். என்ன பண்றது, பெரியவரு சொல்லிட்டாரு, உட்டுட்டேன்.

இந்தாங், டீ வந்துருச்சு, எடுத்துக்கங். மிஷினும் காலியாயிருச்சு. பொண்ணு பேரு சொல்லுங். காதுகுத்து என்னைக்கு? எல்லாரும் கலர்லதான் போடறாங்க, ஒருத்தனும் திரும்பிப் பாக்கறதில்ல. நம்ம கருப்பு வெள்ளை ஒண்ணு போட்டுப் பாக்கலாமுங்ளா?

ஏனுங்ணா, டீயக் குடிக்காம எந்திரிச்சுட்டீங்?